லா வி எ பெல், மோன் பாரி: எதை வாங்குவது?

தங்கை மகளின் திருமண வரவேற்புக்குப் போட்டுக்கொள்ள, பழ வாசனையும் இனிப்பும் தூக்கலான ஒரு பெர்ஃப்யூமைத் தேடியதில் கடைசியாக இரண்டு எஞ்சின. ஒன்று 2012இல் வந்த லான்கோமின் லா வி எ பெல். மற்றொன்று 2016இல் வந்த ஈவ் சான் லோரானின் மோன் பாரி. இரண்டுமே லோரியால் குழுமத்தைச் சேர்ந்தவை. கடையில் நீட்டும் காகிதப் பட்டையில் முகர்ந்தால் அக்காள் தங்கை போலவே இருக்கும். ஆகவே இடக்கையில் ஒன்றும் வலக்கையில் மற்றொன்றுமாக அடித்துக்கொண்டு, மணிக்கட்டுகளை உரசாமல், மாலை வரை பொறுத்திருந்தேன்.

மோன் பாரி எடுத்த எடுப்பிலேயே ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, பேரிக்காய் என்று கொட்டுகிறது. ஐஸ்கிரீம் கடையில் அப்போதுதான் திறந்த எசன்ஸ் பாட்டிலின் நினைவு வந்தது. அரை மணி நேரத்தில் அந்த ஆர்ப்பாட்டம் அடங்கி வெள்ளைப் பூக்களின் மணம் எழுகிறது. அவற்றுள் தத்துரா என்று விளம்பரங்களில் பெருமையாகச் சொல்லப்படுவது வேறொன்றுமில்லை, சிவனுக்குச் சாத்தும் நம் ஊமத்தையின் இனம்தான். நச்சுச் செடியாயிற்றே என்று அஞ்ச வேண்டியதில்லை. பாட்டிலில் இருப்பது அந்தப் பூவின் மணத்தைப் போலவே கூட்டிய கலவையே.

லா வி எ பெல்லில் பழங்கள் பேருக்குத்தான். கருந்திராட்சை போன்ற ஒரு புளிப்பு எட்டிப்பார்த்து மறைந்ததும், வறுத்த பருப்பைச் சர்க்கரைப் பாகில் புரட்டியது போன்ற பிராலின் வாசமும் வனிலாவும் முன்னால் வந்துவிடுகின்றன. இவ்வளவு இனிப்பு திகட்டாமல் இருப்பதற்குக் காரணம் ஐரிஸ் என்றே நினைக்கிறேன். பூவிலிருந்து அல்ல, ஆண்டுக்கணக்கில் உலர்த்திய கிழங்கிலிருந்து எடுக்கப்படும் அந்த மணம், கேரட்டும் முகப்பவுடரும் கலந்தாற்போல வறண்டிருக்கும். பாகு கைமீறிப் போகும்போதெல்லாம் அதை இழுத்துப் பிடிக்கிறது.

இரண்டுக்கும் அடித்தளம் பச்சூலி என்னும் நறுமண இலைதான். அந்தப் பெயரே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது என்று அகராதிகள் குறிக்கின்றன. நான்காம் மணி நேரத்தில் மோன் பாரி அணிந்த கையில் அது மெலிந்து, சோப்புப் போட்டுக் குளித்த வாசனையாக நின்றது. மற்றக் கையில் மண்வாசத்தோடு கனத்துக் கிடந்தது. ஒரு சுற்று அதிகம் என்றே சொல்லலாம், ஏனெனில் திரும்பும் வழியில் வாடகைக் காரின் ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

வெயிலில் அலைபவர்களுக்கும் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கும் மோன் பாரி பொருந்தும். குளிரூட்டிய மண்டபத்தில் நான்கு மணி நேரம் நிற்க வேண்டிய எனக்கு லா வி எ பெல்தான் சரி என்று முடிவு செய்து, 30 மில்லி பாட்டிலையே வாங்கினேன். பட்டின் மீது நேரே பட்டால் கறை படியக்கூடும் என்பதால், புடவை கட்டுவதற்கு முன்பே கழுத்தோரம் ஒரே ஒரு முறை அடித்துக்கொள்வதாக இருக்கிறேன்.