மழை மாதங்களில் தொட்டிக்கு எது: 3:2:1 கலவையா, கோக்கோபீட்டா?

கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பரில் மழை வலுக்கும். பினாங்கில் செப்டம்பரிலேயே பிடித்துவிடும். இந்த மாதங்களில் கத்தரி, மிளகாய், வெண்டை வைப்பவர்கள் தொட்டியில் எதை நிரப்புவது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். செடி வேர் பிடித்த பின் மாற்ற வழியில்லை. கூரையில்லாத தரைவீட்டு வாசலுக்கு என் தேர்வு 3:2:1 மண் கலவை (மேல்மண் 3 பங்கு, எரு 2, மணல் 1). எங்கள் வாசலில் இருப்பதும் அதுவே.

கோக்கோபீட் என்ற தேங்காய் நார்த்தூள் இலேசானது, கை அழுக்காகாது, களை விதை வராது. 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பெருகும். ஆனால் அதில் உப்பு இருக்கும். வடியும் நீரின் செந்நிறம் மங்கும்வரை அலசாமல் நட்டால், நாற்றின் இலை ஓரம் கருகும்.

முடிவைத் தீர்மானிப்பது உரம். கோக்கோபீட்டில் செடிக்கான சத்து மிகக் குறைவு. ஏ, பி என இரண்டு பாகமாக வரும் ஏபி உரக் கரைசலைத்தான் அது நம்பியிருக்கிறது. காலையில் ஊற்றியதை மாலை மழை அடித்துக்கொண்டு போய்விடும். சத்தில்லாமல் அடி இலைகள் மஞ்சளாகும்போது பலர் நீர் அதிகமென்று நினைத்து உரத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். செடி மேலும் வாடுகிறது. மழை விட்டதும் மறுபடி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. மண் கலவையிலும் கொஞ்சம் அரித்துப் போகத்தான் செய்யும். ஆனாலும் களிமண், மட்கு இரண்டும் பொட்டாசியத்தையும் அம்மோனியத்தையும் பிடித்து வைக்கின்றன. மட்கு மெல்ல மெல்லச் சத்தை விடுகிறது. 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி 15:15:15 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) உரம் போதும். பூ வைத்ததும் 12:12:17க்கு மாறலாம்.

கலவை: மேல்மண் 3 டின், நன்கு மட்கிய எரு 2 டின், ஆற்று மணல் 1 டின். மணல் பருமனாக இருக்கட்டும். பூச்சு மணலைப் போட்டால் களிமண்ணோடு சேர்ந்து இறுகிவிடும். நம் மேல்மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உடையது என்பதால், நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே தொட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி டோலமைட் சுண்ணாம்புத் தூள் கலந்துவிடுங்கள். சுங்கை பூலோ நர்சரிகளில் மூட்டையாக வாங்கினால் உள்ளே கை விட்டுப் பாருங்கள். சூடாகவோ புளித்த வாடையாகவோ இருந்தால் எரு இன்னும் மட்கவில்லை. அது மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். இரண்டு வாரம் ஆற வைக்கலாம்.

நிரப்பியதும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளமாக நின்றால் உமிக்கரி ஒரு டின் சேர்க்க வேண்டும். தொட்டியைச் சிமெண்டுத் தரையில் நேராக வைத்தால் துளை அடைபடும். இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். அடியில் தட்டு வேண்டாம். தேங்கிய நீரில் ஏடிஸ் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும்; நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் வரும்.

அடுக்குமாடி பால்கனி பற்றி இத்தனை உறுதியாகப் பேச மாட்டேன். சாரல் எவ்வளவு படும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். நனைந்த மண் தொட்டி 20 கிலோவைத் தாண்டும் என்பதால், மழை படாத பால்கனியில் கோக்கோபீட்டே வசதி. ஏ, பி இரண்டையும் தனித்தனியே நீரில் கரைத்த பிறகே சேர்க்க வேண்டும். கெட்டியாகக் கலந்தால் வெள்ளையாகப் படிந்து வீணாகும்.

தரைவீட்டிலும் ஒரு விலக்கு உண்டு. கத்தரியோ மிளகாயோ இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று துவண்டால், தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த மண்ணை மறுபடி கத்தரிக் குடும்பத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். கங்கோங்குக்கு ஒதுக்கிவிட்டு, கத்தரியைப் புதுத் தொட்டியில் கோக்கோபீட்டில் வையுங்கள்.