மலையா, வீட்டு ஆடா? சின்ன வகுப்புகளில் ஓவியம் சொல்லித்தரும் வழிகள்

திருவாரூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போய், இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்து "ஏதாவது படம் வரை" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் இதுதான் வரும்: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை, மேலே ‘சரி’ போட்டதுபோல நாலு பறவை. அந்தப் பிள்ளை மலையைப் பார்த்திருக்காது. இங்கே கண்ணுக்கு எட்டும் தூரம் வரை வயல்தான். சூரியன் வைக்கோல் போருக்கும் மின்கம்பிக்கும் பின்னால்தான் உதிக்கிறது. அப்படியானால் அந்த மலை எங்கிருந்து வந்தது? கரும்பலகையிலிருந்து வந்தது. அங்கே அதைப் போட்டது என்னைப் போன்ற ஆசிரியர்கள்.

நான் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளை எடுக்கிறேன். ஓவியம் முறையாகப் படித்தவள் இல்லை. தொடக்கப்பள்ளிகளில் ஓவியத்தைப் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான் எடுக்கிறோம். 2009 கல்வி உரிமைச் சட்டம் கலைக்கல்விக்கென்று பகுதிநேரப் பயிற்றுநரைச் சொல்வது 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது அவர்களில் ஓவிய ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்களும் அந்த வகுப்புகளுக்குத்தான். ஒரு பிள்ளை கூச்சமே இல்லாமல் வரையும் ஐந்து முதல் எட்டு வயதுக்குத் தனி ஆசிரியர் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எப்படி நடத்துவது என்று வகுப்பாசிரியர்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்தவை மூன்று வழிகள். மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன்.

போர்டைப் பார்த்து வரைதல்

பல வருடம் இப்படித்தான் நடத்தினேன். போர்டில் ஒரு மாம்பழம் போடுவேன். முதலில் வட்டம், ஓரத்தில் சின்ன மூக்கு, மேலே காம்பு, இரண்டு இலை. பிள்ளைகள் பார்த்துப் போடுவார்கள், மஞ்சள் அடிப்பார்கள், நான் சிவப்பு மையில் ‘குட்’ போடுவேன்.

இந்த வழியை ஒரேயடியாக ஒதுக்கிவிட என்னால் முடியாது. இருபது பிள்ளைகளும் குனிந்து வரைந்துகொண்டிருக்கும்போது மூன்றாம் வகுப்புக்குக் கடன்வாங்கிக் கழித்தல் சொல்லித்தரலாம். ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாற்பது நிமிடத்தின் அருமை தெரியும். ஓவியமே வராத ஆசிரியரும் இதை நடத்திவிடலாம். வெற்றுத் தாளைப் பார்த்தால் மிரளும் பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று தெரிகிறது. வளைவும் சுழியும் கைக்குப் பழகுவதால் ‘அ’வும் ‘இ’யும் எழுதுவதற்கும் கொஞ்சம் உதவுகிறது.

ஆனால் இதில் நடக்கும் சேதம் மெதுவாகத்தான் கண்ணில் படும். பிள்ளை போர்டைப் பார்க்கிறது, மாம்பழத்தைப் பார்ப்பதில்லை. ருமானி உருண்டையாக இருக்கும், நீலத்துக்கு மூக்கு இருக்கும், பங்கனப்பள்ளி நீளவாக்கில் இருக்கும். தின்ற பிள்ளைக்கு இதெல்லாம் தெரியும், ஆனால் வரையும் பிள்ளைக்கு ஒரே மாம்பழம்தான். அதைவிட மோசமானது, ஆறு வயதுக் கை வளர்ந்தவர்களின் கையோடு ஒப்பிடப்படுவது. பாதி நேரம் ரப்பரால் தேய்த்து, தாளை ஓட்டையாக்கி, கடைசியில் "எனக்கு வராது டீச்சர்" என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். ஆறு வயதில் இப்படி ஒரு முடிவுக்கு வரும் பிள்ளை அதை எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. நாற்பது வயதிலும் ‘எனக்கு டிராயிங் வராது’ என்று சொல்பவர்களை எல்லோருக்கும் தெரியும்.

அச்சடித்த படத்துக்குள் கலர் அடிக்கும் புத்தகமும் இதே வகைதான். கிரேயானை அழுத்தமாகப் பிடித்துப் பழக ஒரு மாதம் உதவும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இஷ்டம்போல வரைதல்

இதற்கு நேர் எதிர் வழி, பிள்ளையைத் தன் போக்கில் விட்டுவிடுவது. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஷெக் என்ற ஓவியர் 1897-ல் சிறுவர்களுக்கென்று ஓவிய வகுப்பு தொடங்கினார். பெரியவர்கள் போட்ட மாதிரிகளை நகலெடுப்பதே ஓவியப் பாடமாக இருந்த காலம் அது. குழந்தை வரைவது அரைகுறைப் பெரியவர் ஓவியம் அல்ல, அது தன்னளவில் முழுமையான ஒரு கலை என்று அவர் நம்பினார். இன்று நாம் பிள்ளைகளின் படங்களைச் சுவரில் ஒட்டி ரசிக்கிறோம் என்றால் அந்த நம்பிக்கைக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அங்கன்வாடி வயதில் இதுதான் சரியான வழி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வயதில் கிறுக்கல் வரும். மூன்று, நான்கு வயதில் ஒரு பெரிய வட்டம், அதிலிருந்தே நேராகக் கையும் காலும் முளைத்த மனிதர் வருவார். அப்புறம் தாளின் அடியில் ஒரு கோடு வரும், அதன் மேல் வீடு, மரம், அம்மா, அப்பா எல்லாம் வரிசையாக நிற்பார்கள். யார் முக்கியமோ அவர் பெரியவராக இருப்பார். உலகில் பல இடங்களிலும் பிள்ளைகள் ஏறக்குறைய இந்தப் படிகளில்தான் ஏறுகிறார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெடுக்காமல் இருந்தால் போதும். மூன்று வயதுப் பிள்ளையிடம் "மனுசனுக்கு வயிறு எங்கே?" என்று கேட்டுத் திருத்துவது, தவழும் குழந்தையை நிமிர்த்தி நடக்கச் சொல்வது போன்றது.

பள்ளிக்கு வந்தபின் கதை மாறிவிடுகிறது. "என்ன வேணும்னாலும் வரைங்க" என்று நான் தாள் கொடுத்த வாரங்களில் வந்தவை மலை, தேசியக் கொடி, தாமரை, குடிசை. அண்ணன் நோட்டிலும் சுவர் விளம்பரத்திலும் என் போர்டிலும் பார்த்ததெல்லாம் அதற்குள் மனதில் ஏறிவிட்டது. வெறுமனே விட்டால் அதுதான் வெளியே வரும். நகலெடுக்கச் சொல்லாமலே நகல் வந்துவிடுகிறது. சிஷெக்கின் மாணவர்களின் படங்களிலும் ஒரே சாயல் இருக்கிறது, அவருடைய ரசனை அதில் தெரிகிறது என்று பின்னாளில் குறை சொன்னவர்கள் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "இஷ்டம்போல வரை" என்பது நடைமுறையில் பல நேரம் நோட்டுத் திருத்த எனக்குக் கிடைத்த நேரமாகிவிட்டது. பிள்ளை வரைந்து முடித்து ஓடிவந்து காட்டும்போது நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சூப்பர், போய் உக்காரு" என்றிருக்கிறேன். அந்தச் ‘சூப்பர்’ அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அவர்கள் முகமே சொல்லும்.

பார்த்து, பேசி, அப்புறம் வரைதல்

மூன்றாவது வழிக்கு ஒரு நாள் தற்செயலாகத்தான் வந்தேன். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஓர் ஆடு கட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆடு. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்தேன். தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. பத்து நிமிடம் பார்க்க மட்டும் வேண்டும். நான் கேள்வி மட்டும் கேட்டேன். காது எங்கிருந்து தொடங்குகிறது, கண்ணுக்கு மேலேயா பின்னாலேயா? வால் தொங்குகிறதா, நிமிர்ந்து நிற்கிறதா? அசை போடும்போது வாய் மேலும் கீழும் போகிறதா, பக்கவாட்டில் போகிறதா? ஒரு பெண் பிள்ளை கிட்டே போய் ஆட்டின் கண்ணைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பூனைக்குக் கண்ணுல கோடு நெட்டா இருக்கும், இதுக்குப் படுத்துருக்கு" என்றாள். அவள் சொன்னது சரிதான்.

அப்புறம் உள்ளே வந்து, நினைவிலிருந்து வரைந்தார்கள். இருபது பேர் இருபது ஆடு வரைந்தார்கள். ஒன்றுக்கு நாலு காலும் ஒரே பக்கத்தில் இருந்தது, ஒன்றுக்குப் பெரிய வாய் மட்டும்தான் இருந்தது. ஒரு படத்தில் ஆட்டின் வயிற்றுக்குள் இன்னொரு குட்டி ஆடு நின்றது. கேட்டதற்கு, "சினை ஆடு டீச்சர், உள்ள குட்டி இருக்குல்ல" என்றான். இந்த வயதில் பிள்ளைகள் சுவருக்குள் இருப்பதையும் வயிற்றுக்குள் இருப்பதையும் எக்ஸ்ரே போலக் காட்டுவார்கள். கண்ணுக்குத் தெரிவதோடு தனக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரைவார்கள். அதை நான் திருத்தவில்லை. திருத்தினால் நான் பார்க்க விரும்பிய ஆட்டைத்தான் அவன் வரைவான்.

முதல் வழியில் எதை வரைவது என்பதும் எப்படி வரைவது என்பதும் ஆசிரியர் கையில் இருக்கின்றன. இரண்டாவதில் இரண்டையுமே பிள்ளையிடம் விட்டுவிடுகிறோம். மூன்றாவதில் எதைப் பார்ப்பது என்பது மட்டும் என் பொறுப்பு. எப்படி வரைவது என்பது முழுக்கப் பிள்ளையின் பொறுப்பு. ஆறு முதல் எட்டு வயதுக்கு இந்தப் பங்கீடு நன்றாக வேலை செய்கிறது. தாகூரின் சாந்திநிகேதனில் படித்துவிட்டு 1944-ல் காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமம் போன ஓவியர் தேவி பிரசாத், அங்கே கைத்தொழில் வழியே பாடம் சொல்லித்தரும் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கலை ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தார். அங்கே தோட்ட வேலை, நூற்பு, அன்றாட வாழ்க்கை ஆகியவற்றின் நடுவே இருந்தது ஓவியம். அவர் மண்பாண்டக் கலைஞரும்கூட. தினமும் கையால் தொடுவதிலிருந்துதான் படம் பிறக்கும் என்பதற்கு எனக்கு அவரைவிட நல்ல முன்னோடி கிடைக்கவில்லை.

இந்த வழிக்கு நேரம் அதிகம் ஆகும். பார்க்கவும் பேசவும் வரையவும் நாற்பது நிமிடம் போதாது, இரண்டு பீரியட் சேர வேண்டும். வகுப்பை வெளியே அழைத்துப் போனால் மூன்றாம் வகுப்பைப் பார்க்க ஆள் இல்லை. அதற்கு நான் கண்ட வழி, பொருளை உள்ளே கொண்டுவந்துவிடுவது. பூசணிப்பூ, வயல் நண்டு, அருவாமனை (இதை என் மேசையில் மட்டும்), மிதிவண்டி, முள்ளங்கி, தாத்தாவின் பழைய டார்ச் லைட். மூன்றாம் வகுப்பும் சேர்ந்து வரையட்டும், கழித்தல் கணக்கைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

களிமண்ணும் கோலமாவும்

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு அரசு கிரேயான் தருகிறது, மூன்று முதல் ஐந்து வரை வண்ணப் பென்சில். சின்னக் கைக்குக் கிரேயான் நல்லது, காரணம் அதை அழிக்க முடியாது. தண்ணீர்க் கலரை இருபது பேருக்கு ஒரே ஆள் நடத்துவது சிரமம். செய்வதானால் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றை மட்டும் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுங்கள். மஞ்சளில் நீலம் விழுந்து பச்சையாகும் நொடியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். தாளுக்குப் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் போதும்.

ஆனால் ஒரே ஒரு பொருள்தான் என்றால் நான் களிமண்ணைத்தான் எடுப்பேன். டெல்டாவில் அது காசில்லாமல் கிடைக்கிறது. தாளில் ஆட்டின் நாலாவது காலை எங்கே வைப்பது என்று தவிக்கும் பிள்ளைக்கு மண்ணில் அந்தத் தவிப்பு இல்லை. நாலு மூலையிலும் வைத்துவிடுகிறது. பிடிக்காவிட்டால் உருட்டி மறுபடி தொடங்கலாம், தப்பாகப் போட்டதற்குச் சாட்சியே இருக்காது. ‘வராது’ என்று நோட்டை மூடிய பிள்ளைகளில் பலர் மண்ணைத் தொட்டபின்தான் திரும்ப வந்தார்கள். சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கல்லும் வேரும் பொறுக்கி, முந்தின நாளே பிசைந்து ஈரத் துணி போட்டு மூடிவையுங்கள். எங்கள் ஊர் மண் பிசுபிசுப்பு அதிகம், கொஞ்சம் மெல்லிய மணல் சேர்க்காவிட்டால் காயும்போது வெடிக்கும். காலைச் சும்மா ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழும். ஒட்டும் இரண்டு இடத்தையும் குச்சியால் கீறி, குழைந்த சேறு தடவி அழுத்த வேண்டும். வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். சட்டை அழுக்காவது பற்றிப் பெற்றோர் கேட்பார்கள், முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கோலம் மட்டும் தனிக் கணக்கு. அதில் பார்த்துப் போடுவதுதான் முறை. ஐந்து புள்ளி ஐந்து வரிசை நேர்ப்புள்ளி வைத்து, எந்தப் புள்ளியையும் விடாமல் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே சிக்குக்கோலத்தை முடிக்கும்போது பிள்ளை நகலெடுப்பது படத்தை அல்ல, ஒரு விதியை. விதி பிடிபட்டதும் ஏழு புள்ளிக்குத் தானே போகும். ஊடுபுள்ளியையும் பழகியபின் புதிதாக ஒன்று போட்டுக்காட்டும். ஆண் பிள்ளைகளும் போட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். போர்டைப் பார்த்து எதையாவது போட வைக்கத்தான் வேண்டும் என்றால், மாம்பழத்துக்குப் பதில் கோலம் போடுங்கள்.

இப்போது என் மாதம் இப்படிப் போகிறது: இரண்டு வெள்ளி பார்த்து வரைதல், ஒரு வெள்ளி களிமண், ஒரு வெள்ளி கோலம். இஷ்டம்போல வரைய, வகுப்பு மூலையில் ஒரு அட்டைப்பெட்டியில் எப்போதும் தாளும் கிரேயானும் கிடக்கும். அதற்குப் பீரியட் தேவையில்லை. படத்தின் மேல் நான் எதுவும் எழுதுவதில்லை. பின்பக்கம் தேதியையும், பிள்ளை அதைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஒரு வரியும் எழுதிவைக்கிறேன்.

அந்த ஆட்டுப் படங்களைப் பெற்றோர் கூட்டத்தன்று வராண்டாவில் பரப்பி வைத்திருந்தேன். ஒரு பையனின் ஆட்டுக்கு ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு குட்டை. வரைந்த அன்று "ரெண்டும் ஒரே அளவா இருக்கணும்ல?" என்று சொல்ல வாயெடுத்து, எப்படியோ நிறுத்திக்கொண்டேன். ஆட்டுக்குச் சொந்தக்காரரான அம்மா வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "இது எங்க ஆடுதான் டீச்சர். போன மாசம் செவுத்துல முட்டி ஒரு கொம்பு ஒடஞ்சிருச்சி, பாருங்க" என்றார். பத்து நிமிடம் அதன் பக்கத்திலேயே நின்று கேள்வி கேட்ட நான் அதைப் பார்க்கவில்லை.