அம்பாசிடரின் பழைய ஒயரிங்: பல வருட ஓட்டத்தில் எது நிற்கிறது, எது கைவிடுகிறது

மார்க் 2, மார்க் 3 அம்பாசிடர்களில் கரண்ட் கோளாறு வந்தால் முதலில் மாற்றப்படுவது பேட்டரி, அடுத்து இன்ஜின் ஓடும்போது அதை சார்ஜ் செய்யும் டைனமோ. பெரும்பாலும் இரண்டிலும் குற்றம் இருக்காது. டைனமோ, இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வடிவமைப்பு. நன்றாகச் செய்யப்பட்ட, பிரித்துச் சரிசெய்யக்கூடிய பொருட்கள். கைவிடுவது அவற்றுக்கு இடையிலுள்ள இணைப்புகள்தான்: களிம்பு ஏறிய பித்தளைக் குமிழ் கனெக்டர்கள், துருப்பிடித்த எர்த் முனைகள், தளர்ந்த பியூஸ் கிளிப்புகள்.

கை வைக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். இந்த வண்டிக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார் பாசிடிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிடிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும். ஆகவே ஆரம்பகால வண்டியென்றால் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்க்காமல் எதையும் மாட்டக்கூடாது. இந்த வண்டியின் ஒயர் நிறங்கள் மனப்பாடமாக இருந்தால் பாதி வேலை குறையும். பிரவுன் எப்போதும் உயிரோடு இருக்கும் மெயின், வெள்ளை சாவி போட்டபின் வருவது, பச்சை சாவிக்குப் பின் பியூஸ் வழியாக வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கருப்பு எர்த்.

செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் எர்த் போஸ்டில் (கிளாம்பில் அல்ல, ஈயப் போஸ்டிலேயே), மறுமுனை இன்ஜின் பிளாக்கில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் இழப்பு இருக்கிறது. கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் வேலைக்கு இறக்கிய இன்ஜினில், அதைப் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்ட மறப்பது அடிக்கடி நடக்கிற தவறு. அப்போது அத்தனை கரண்டும் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் பாயும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுட்டால் வேறெதையும் தேட வேண்டாம். பட்டை உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, வெறும் இரும்பு தெரிய வைத்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் பல மழைக்காலம் நிற்கும்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் டைனமோவைக் கழற்றாமலே தீர்ப்பு சொல்லலாம். இரண்டு ஒயரையும் பிடுங்கிவிட்டு, டைனமோவின் டி (வெளியீடு), எஃப் (ஃபீல்டு) முனைகளைச் சிறு கம்பியால் சேர்த்து, அதற்கும் டைனமோ உடலுக்கும் இடையே மீட்டர் வைத்து மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். 20 வோல்ட் வரை சீராக ஏறினால் டைனமோ நலம். அதற்கு மேல் விரட்டக்கூடாது. ஒன்றுமே வராவிட்டால் கார்பன் பிரஷ், ஒரு வோல்ட் அளவில் நின்றால் ஃபீல்டு காயில் (உடலில் அசையாமல் இருக்கும் சுருள்), 4–5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் (சுழலும் சுருள்) என்று சந்தேகிக்க வேண்டும். டைனமோ நலமென்றால் குற்றம் கட்-அவுட் பெட்டியிலோ (டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச் உள்ள பெட்டி) நடுவிலுள்ள ஒயரிலோ இருக்கும். கட்-அவுட்டின் பாயிண்டுகள் ஏறத்தாழ 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் சேர வேண்டும். இன்ஜின் நின்ற பிறகும் அவை ஒட்டிக்கொண்டிருந்தால் பேட்டரி டைனமோவுக்குள் வடிந்து, ஒயர் சூடாகிப் புகையும். உடனே பேட்டரி ஒயரைக் கழற்றுவதுதான் முதல் வேலை. அதே பெட்டியில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மீட்டர் இல்லாமல் மாற்றி வைத்துப் பார்ப்பது பேட்டரியைக் கொதிக்க வைக்கும் வழி.

ஹெட்லைட் மங்கல் இந்த வண்டியின் தீராத புகார். கரண்ட் முழுவதும் மெயின் சுவிட்ச், டிம்-பிரைட் சுவிட்ச் வழியாகவே போய் வருகிறது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். அதற்காக 100 வாட் பல்பு போடுவது தவறு, சுவிட்ச்தான் கருகும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) வைத்து, பேட்டரியிலிருந்து தனி பியூஸோடு கனமான ஒயர் இழுத்தால் சாதாரண 60/55 பல்பே சாலையை நிரப்பும். செலவுக்கு ஏற்ற பலன் இதைப்போல் வேறெதிலும் கிடைப்பதில்லை.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் மாட்டுவது நகர நெரிசலில் ஓடும் வண்டிக்கு நியாயமானது. ஐடிலிங்கில் டைனமோ அநேகமாக எதுவும் தருவதில்லை. வாரக் கடைசியில் நெடுஞ்சாலையில் மட்டும் போகும் வண்டிக்கு அவசியமே இல்லை. மாற்றினால் நெகடிவ் எர்த் கட்டாயம்.

இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி செத்துப்போகிறதென்றால், எர்த் போஸ்டுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே 21 வாட் பல்பை மாட்டுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது அது எரிந்தால், பியூஸ் பெட்டியில் ஏ1–ஏ2 என்று குறித்த பியூஸை எடுத்துப் பாருங்கள். ஹாரனும் உள்விளக்கும் அதில்தான். பல்பு அணையவில்லையா, பியூஸே இல்லாத பிரவுன் ஒயர்களை கட்-அவுட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்த ஒயரைக் கழற்றும்போது அணைகிறதோ, கசிவு அந்த வழியில்.