ஒரு பிள்ளைக்காகக் குப்பியைத் திறக்கக் கூடாதா?

இந்த முறை கடலூர் போனதில் கல்யாணம், சில்வர் பீச், மஞ்சக்குப்பத்தில் துணி எடுத்தது எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அதையெல்லாம் எழுதப் போவதில்லை. ஒரு புதன்கிழமை காலையில் பார்த்ததுதான் பாரிஸ் வந்து சேர்ந்த பிறகும் மனசில் அடங்க மாட்டேன் என்கிறது.

அத்தை வீடு நெல்லிக்குப்பம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பக்கத்தில் செங்கல் சூளை. மழை ஓய்ந்து தை பிறந்ததும் வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, கொட்டகை போட்டுக்கொண்டு கல் அறுப்பார்கள். அத்தை வீட்டு போரில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்களில் ஒருத்தியின் இடுப்பில் பதினொரு மாதப் பிள்ளை. மூன்றரை மாத ஊசி வரைக்கும் சொந்த ஊரில் போட்டாகிவிட்டது. தடுப்பூசி அட்டையை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே ரப்பர் பேண்டும் போட்டு வைத்திருந்தாள். ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா (எம்.ஆர்.) ஊசிதான் பாக்கி. "போன மாசமே போனேன்க்கா, திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள்.

புதன்கிழமைதானே ஊசி நாள், நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடுத்த புதனுக்கு ஆட்டோ வைத்து, சுகாதார நிலையத்துக்கு நானும் கூடவே போனேன். ஒன்றரை மாதம், இரண்டரை மாதக் குழந்தைகள் சிலருக்குப் போட்டு முடித்திருந்தார்கள். நர்சம்மா இவள் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எம்.ஆர். போட இந்தப் பிள்ளை ஒண்ணுதாம்மா இருக்கு. ஒண்ணுக்காக மருந்துக் குப்பியை உடைக்க முடியாது. அடுத்த வாரம் வா, நாலு பிள்ளை சேரட்டும்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பெண்ணோ ஒரு வார்த்தை பேசாமல் அட்டையைத் திரும்பக் கவருக்குள் போட்டாள். அவளுக்கு அது பழகிப் போயிருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

நர்சம்மாவைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அந்த மருந்து பொடியாக வரும். கரைசலைக் கலந்துவிட்டால் நாலு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும்போது ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றதைக் கொட்டினால் வீணான கணக்கு யார் பெயரில் ஏறும் என்ற பயம். ஆனால் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திற என்று. மருந்து வீணானால் இன்னொரு குப்பி வரும். திருப்பி அனுப்பிய தாய் திரும்ப வருவாள் என்று யார் உத்தரவாதம் தருவது? புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வேறு வாங்கியிருக்கிறார்கள். ஒரு காலை வேலை போனால் அவர்கள் கணக்கில் அது கடனாக நிற்கும்.

பிரான்சில் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஒரு டோஸ், தனிப் பெட்டியில் மருந்துக்கடையில் கிடைக்கும். நாமே வாங்கி வந்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, டாக்டரிடம் எடுத்துப் போனால் போட்டுவிடுவார். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் தாய் சேய் நல மையங்களில் இலவசமாகவும் போடுகிறார்கள். 2018 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு 11 நோய்களுக்கான தடுப்பூசி கட்டாயம் என்று அப்போதே சட்டம் வந்தது, அது இல்லாமல் பாலர் பள்ளியில்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அங்கே எல்லாவற்றுக்கும் முன்பதிவு. இணையத்தில் நேரம் பிடித்து நாம்தான் போக வேண்டும். பாஷை தெரியாமல் புதிதாக வந்து இறங்கிய குடும்பங்கள் அதிலேயே முட்டிக்கொண்டு நிற்பதை எங்கள் பகுதியில் நிறையப் பார்க்கிறேன்.

நம் ஊருக்கு இது தெரியாத வேலையா? சொட்டு மருந்து ஞாயிறுகளில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் மேசை போட்டு, பஸ்ஸை விட்டு இறங்கும் பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொல்வார்களே, இடது சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புவார்களே. விடுபட்டவர்களைத் தேடி வீடு வீடாகவும் வந்தார்கள். அப்படித் தேடிப் போனதால்தான் 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் ஒரு பிள்ளைகூட முடமாகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத் தெரிந்த ஊர்தான் இது.

அதற்குச் சாட்சியும் அதே வாரம் கிடைத்தது. அத்தைக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் பெண், 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் தன்னார்வலர். அவரிடம் அத்தை புலம்பியிருக்கிறார். அவர் இன்னொரு கிராம செவிலியரிடம் சொல்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலம், கல் அறுப்பு ஓய்ந்த நேரத்தில், அந்த செவிலியர் ஸ்கூட்டியில் நீலப் பெட்டியோடு சூளைக்கே வந்துவிட்டார்!

முதலில் கொட்டகை கொட்டகையாகப் போய் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். எம்.ஆர். பாக்கியுள்ள பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள். நாலு பிள்ளை எங்கே சேரும் என்றவர்கள் இங்கே ஒரு நடை வந்து பார்த்திருந்தால் போதும். ஐஸ் பைகளுக்கு நடுவிலிருந்து குப்பியை எடுத்து, மூடியில் இருக்கும் வட்டத்தை என்னிடமும் காட்டினார். உள்ளே சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து சூடு படவில்லை, வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். கலந்ததும் பேனாவால் குப்பியின் மேல் மணியை எழுதினார். வலது கையில் ஊசி. அப்புறம் அரை மணி நேரம் யாரையும் நகர விடவில்லை. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்த ஊசி எப்போது என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"படிக்காத ஜனங்க, ஊசின்னா பயப்படுவாங்க" என்று நம் வீடுகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 2017ல் இதே ஊசிக்கு எதிராக வாட்ஸ்அப்பில் வதந்தி பரப்பியவர்கள் சூளைக்காரர்களா? அன்றைக்கு அங்கே ஒரு தாய்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

காத்திருந்த அரை மணியில் இன்னொன்றும் நடந்தது. அந்தப் பிள்ளையின் அப்பா விடாமல் இருமிக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்று செவிலியர் கேட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளி பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லி, மூடி போட்ட சின்ன டப்பாவைக் கையில் கொடுத்தார். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி எடுக்கணும், எச்சில் கூடாது. டப்பாவை வாங்கிப் போக மறுநாள் தன்னார்வலரே வந்தார். இல்லையென்றால் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் எங்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கப் போகிறார்?

அடுத்த டோஸ் ஒன்றே கால் வயதைத் தாண்டித்தான். அதற்குள் சூளை முடிந்து அவர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள். அந்த ஊர் செவிலியரின் எண்ணை நம் செவிலியர் விசாரித்து வாங்கி, சூளையிலிருந்தே பேசியும் வைத்தார்.

கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான். தை மாசம் ஆட்கள் வந்து இறங்கிய அன்றைக்கே எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளை என்று யாராவது ஒரு போன் செய்தால் போதும், சாயங்காலத்தில் தானே வந்துவிடுவதாகச் சொன்னார். அத்தை மகன் சூளை முதலாளியிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறான். கடலூர் பக்கம் சூளை, கரும்பு வெட்டு, இறால் பண்ணை என்று வெளியூர் ஆட்களை வைத்து வேலை நடத்தும் சொந்தக்காரர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அடுத்து ஊருக்குப் பேசும்போது இதை அவர்களிடம் சொல்லுங்கள்.