சீனாவில் ஆன்லைனில் ஆள் எடுப்பது: சில வருட அனுபவம்

குவாங்டாங் மாகாணத்தின் ஜோங்ஷானில் குஜென் என்று ஒரு டவுன் இருக்கிறது. விளக்கு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு அதைத் தெரியாமல் இருக்காது. அங்கிருந்துதான் சென்னைக்கு எல்இடி விளக்குகள் இறக்குகிறோம். சரக்கு கன்டெய்னரில் ஏறுமுன் பெட்டியைப் பிரித்துப் பார்க்கவும், ஃபேக்டரிக்காரர்களிடம் நேரில் போய் நிற்கவும் அந்த ஊரிலேயே நமக்கென்று ஒரு ஆள் அவசியம். அப்படி ஆள் தேடிய அனுபவத்தை, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

லிங்க்ட்இனை நம்பிப் பயனில்லை. சீனாவுக்கென்று அது நடத்திய வேலைவாய்ப்புச் செயலியும் 2023 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. வேலை தேடுபவர்கள் இருப்பது பாஸ் ஜிபின், ஜாவ்பின், 51ஜாப் போன்ற சீன வேலைவாய்ப்புத் தளங்களில். அங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லை, விளம்பரம் போட உள்ளே நுழைவதுதான் பெரும்பாடு. 2021 மார்ச் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, ஆள் எடுப்பவரின் உரிமத்தைத் தளம் சரிபார்த்தாக வேண்டும். கேட்பது சீனத் தொழில் உரிமமும் அதிலுள்ள 18 இலக்க எண்ணும். நம் ஊர் கம்பெனிச் சான்றிதழை மொழிபெயர்த்து முத்திரை குத்தி வைத்திருந்தாலும் அதை ஏற்ற அங்கே இடமே கிடையாது. வேலை தேடுபவர்களை மோசடியிலிருந்து காக்கும் விதி அது, இருக்க வேண்டியதுதான். ஆனால் நேர்மையாக ஆள் தேடும் சிறு இறக்குமதியாளருக்கு வேறு வழி வைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அங்கே பிரதிநிதி அலுவலகம் வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள்கூட உள்ளூர் ஆட்களை நேரடியாக எடுக்க முடியாது, ஆள்வழங்கும் நிறுவனம் மூலம்தான் எடுக்க வேண்டும். பெய்ஜிங்கில் ஃபெஸ்கோ 1979-லேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. நாங்களும் குவாங்டாங்கில் ஒரு சிறிய நிறுவனத்தைப் பிடித்தோம். காகிதத்தில் முதலாளி அவர்கள், விளம்பரமும் அவர்கள் பெயரில்தான்.

அப்புறம் பேச்சுவார்த்தை. மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது, எல்லாம் வேலைவாய்ப்புச் செயலியின் சாட்டிலும், நம் வாட்ஸ்அப் போன்ற வீசாட்டிலும்தான். நாம் காலை 10 மணிக்குக் கணினி முன் உட்காரும்போது அங்கே பன்னிரண்டரை, சாப்பாடும் குட்டித் தூக்கமுமாக இருக்கும் நேரம். அவர்கள் காலையில் கேட்ட கேள்விக்கு மதியத்துக்கு மேல் பதில் சொன்னால், அதற்குள் இன்னொரு கம்பெனி நேர்காணலையே முடித்திருக்கும். இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஆறரை மணிக்கே வீசாட்டைத் திறந்துவிடுகிறார்.

அவர்கள் கேட்கும் கேள்விகளும் கூர்மையானவை. சம்பளத்துக்கு அடுத்தபடியாக வருவது, "சமூகக் காப்பீடு முழுச் சம்பளத்துக்குக் கட்டுவீர்களா, குறைந்தபட்சத் தொகைக்கா?" என்பதுதான். ஓய்வூதியம், மருத்துவம் எல்லாம் இதில் அடங்கும். வெளியூரிலிருந்து வந்தவர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, காப்பீடு கட்டிய காலத்தையும் பல நகரங்கள் புள்ளிகளாகக் கணக்கிடுகின்றன. எங்கள் பெண் ஊழியர் ஒருநாள் தன் ஃபோனில் காப்பீட்டுக் கணக்கைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். நாங்கள் முழுச் சம்பளத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தோம், அந்த நிறுவனம் கட்டியதோ குறைந்தபட்சத் தொகைக்கு. எனக்கு வந்த கோபத்தைவிட, அவர் எங்களைச் சந்தேகப்பட்டாரே என்ற வேதனைதான் அதிகம். விடுபட்டதைக் கட்டவைத்துவிட்டு நிறுவனத்தை மாற்றினோம். கட்டிய ரசீதை மாதாமாதம் ஊழியருக்கும் நமக்கும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று புதிய ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம். நீங்களும் முதல் நாளே இதைக் கேளுங்கள்.

இடைத்தரகர் வேண்டாம், நேரே சம்பளத்தை டாலரில் அனுப்பலாமே என்று சிலர் சொல்வார்கள். காப்பீடு இல்லாமல் நல்ல ஆள் வரமாட்டார், வந்தாலும் நிற்கமாட்டார்.

ஆள்வழங்கும் நிறுவனம் போடும் பணி ஒப்பந்தம் குறைந்தது 2 வருடம். 2 வருட ஒப்பந்தத்துக்குத் தகுதிகாண் காலம் 2 மாதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் ஆளின் வேலையைப் பார்த்துவிட வேண்டும் என்பதால், சரக்கு அதிகம் கிளம்பும் மாதங்களில்தான் புது ஆளைச் சேர்க்கிறோம். தேடுவதைச் சீனப் புத்தாண்டு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு போனஸ் கைக்கு வந்ததும் பலர் வேலை மாறுவார்கள், மார்ச்சிலும் ஏப்ரலிலும் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள்.