‘எண்டர்ஸ் கேம்’: புறக்கணிப்பா, புதுப் பிரதியா, பழைய பிரதியா?

அறிவியல் புனைகதைக்குப் புதிதாக வருபவரிடம் ‘எண்டர்ஸ் கேம்’ நாவலைச் சொன்னால், சீக்கிரமே ஒரு கேள்வி திரும்பி வரும்: “இதை எழுதிய ஆர்சன் ஸ்காட் கார்டு தன்பாலினத் திருமணத்துக்கு எதிராக வரிந்துகட்டிக்கொண்டு நின்றவராமே, அவருக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டுமா?” நியாயமான கேள்விதான். பதிலாகச் சொல்லப்படும் வழிகள் நான்கு: நாவலைத் தொடாமலே இருப்பது; படைப்பு வேறு, படைப்பாளி வேறு என்று புதுப் பிரதி வாங்குவது; புதுப் பிரதி வாங்கிவிட்டு அதே அளவு தொகையை எதிர்த்தரப்புக்கு நன்கொடையாகக் கொடுப்பது; பழைய பிரதியையோ நூலகப் பிரதியையோ எடுத்துப் படிப்பது. என் கட்சி கடைசி வழி. அலமாரியில் இருப்பதும் பழைய பிரதிதான். ஆகவே இது நடுநிலைத் தராசு இல்லை.

முதலில் அவர் என்ன செய்தார் என்பதைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆதரவாளர்கள் குறைத்துச் சொல்வதும் எதிர்ப்பாளர்கள் ஏற்றிச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. கார்டு, அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபையைச் சேர்ந்தவர், அதன் பழைய தலைவர் பிரிகாம் யங்கின் வம்சத்தில் வந்தவர். 1990இல் ‘சன்ஸ்டோன்’ என்ற மார்மன் இதழில் எழுதிய கட்டுரையில், தன்பாலுறவைக் குற்றமாக்கும் சட்டங்கள் ஏட்டில் நீடிக்க வேண்டும் என்றார். எல்லோர் மீதும் பாய்ச்சத் தேவையில்லை, பகிரங்கமாக மீறுவோருக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்பது அவர் வாதம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல் அந்தச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. அதன் பிறகு, குற்றமாக்குவதில் தனக்கு அக்கறை இல்லை என்று விளக்கம் கொடுத்தார். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் 2008இல் எழுதிய கட்டுரையில், திருமணத்தின் வரையறையை மாற்றத் துணியும் எந்த அரசும் தன் ஜென்ம எதிரி, அதை வீழ்த்தவும் தயங்கக் கூடாது என்ற அளவுக்குப் போனார். 2009இல், தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கும் ‘நேஷனல் ஆர்கனைசேஷன் ஃபார் மேரேஜ்’ அமைப்பின் இயக்குநர் குழுவில் சேர்ந்து, 2013இல் விலகினார்.

அந்தக் கடைசித் தகவல்தான் எனக்கு முக்கியம். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்பது மார்மன் சபையின் போதனை. 1995இல் குடும்பம் பற்றி வெளியிட்ட பிரகடனத்திலும் அதுவே இருக்கிறது. தன்பாலினத் திருமணங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் மசோதாவை 2022இல் ஆதரித்தபோதும், தன் போதனை மாறவில்லை என்று சபை சொல்லிவிட்டது. கோயிலுக்குள் ஒருவர் என்ன நம்புகிறார் என்று பார்த்துப் புத்தகத்தை ஒதுக்கினால் நூலகத்தில் பாதி அலமாரி காலியாகிவிடும். கார்டின் கதை வேறு. அவர் குழுவில் இருந்த அமைப்பு 2007இல் தொடங்கப்பட்டது. 2008 நவம்பரில் கலிஃபோர்னியாவில் சுமார் 52 சதவீத வாக்கில் நிறைவேறிய ‘பிரபோசிஷன் 8’ என்ற தன்பாலினத் திருமணத் தடைத் தீர்மானத்துக்காகக் களத்தில் இறங்கியது. 2009இல் மெய்ன் மாநில வாக்கெடுப்பிலும் பணம் இறக்கியது. நன்கொடையாளர் விவரத்தைத் தாக்கல் செய்யாததற்காக மெய்ன் தேர்தல் நெறிமுறை ஆணையம் 2014இல் அதற்கு 50,250 டாலர் அபராதம் போட்டது. பணத்தால் நடத்தப்பட்ட சண்டை இது. அதனால் வாசகர் கேட்க வேண்டிய கேள்வியும் பணம் பற்றியதே: நான் கொடுக்கும் ரூபாயில் எவ்வளவு யாருக்குப் போய்ச் சேருகிறது?

இதற்கு முன் ஒரு சின்ன வழக்கைத் தீர்த்துவிடலாம். அவருடைய கொள்கை எழுத்துக்குள்ளே கசிகிறதா? புத்தகத்துக்குப் புத்தகம் வேறு. 1985இல் வந்து நெபுலா, ஹியூகோ என்ற அறிவியல் புனைகதை விருதுகள் இரண்டையும் வாங்கிய ‘எண்டர்ஸ் கேம்’ நாவலில் கிட்டத்தட்ட இல்லை. போர் விளையாட்டில் பழக்கப்படும் சிறுவன், தெரியாமலே ஓர் இனத்தை அழித்துவிட்டு அந்தப் பாவத்தைச் சுமப்பதுதான் கதை. அதற்கடுத்த ‘ஸ்பீக்கர் ஃபார் த டெட்’ இன்னும் ஒரு படி மேல். வேற்றாரைப் புரிந்துகொள்வது பற்றி இவ்வளவு நன்றாக எழுதிய மனிதரா அந்தக் கட்டுரைகளையும் எழுதினார் என்று தோன்றும். அந்த முரண் தீராது, தீர்க்கவும் நான் முயலப்போவதில்லை. 1990களின் ‘ஹோம்கமிங்’ வரிசைக்கு வந்தால், தன்பாலீர்ப்புள்ள பாத்திரம் ஒரு பெண்ணை மணந்து பிள்ளை பெற்றுச் சமூகக் கடமை ஆற்றுகிறது. மார்மன் வேதத்தின் கதையை ஒட்டி எழுதப்பட்ட வரிசை அது. 2008இல் வந்த ‘ஹேம்லெட்ஸ் ஃபாதர்’ குறுநாவலில், ஹேம்லெட்டின் தந்தையான மூத்த அரசன் சிறுவர்களைச் சீரழிப்பவன். தன்பாலீர்ப்பையும் அந்தக் குற்றத்தையும் முடிச்சுப் போடுவதாக 2011இல் அது தனிநூலாக வந்தபோது கடும் கண்டனம் எழுந்தது. பிரித்துப் படிக்கலாம் என்று எண்டருக்குச் சொல்லும் வாதத்தை இந்தக் குறுநாவலுக்கு என்னால் சொல்ல முடியாது.

இனிக் கணக்கு.

முழுப் புறக்கணிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமானது, குழப்பம் இல்லாதது, இழப்பு ஒரு நல்ல நாவல். ஆனால் புறக்கணிப்பு இயக்கம் எதைக் குறிவைத்தது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 2013 நவம்பர் 1 அன்று அமெரிக்காவில் வெளியான ‘எண்டர்ஸ் கேம்’ திரைப்படத்தை எதிர்த்துத்தான், தன்பாலீர்ப்புள்ள ரசிகர்களின் ‘கீக்ஸ் அவுட்’ அமைப்பு கொடி பிடித்தது. அந்தச் சமயம் வந்த செய்திகளின்படி, உரிமைத் தொகையைக் கார்டு முன்பே வாங்கிவிட்டார், வசூலில் அவருக்குப் பங்கு கிடையாது. அப்படியானால், டிக்கெட் வாங்காமல் விட்டவரின் காசு அவருக்குப் போகாமல் நிற்கவில்லை. அது முதலிலேயே அவருக்குப் போவதாக இல்லை. படத் தயாரிப்பு சுமார் 11 கோடி டாலர், உலக வசூல் சுமார் 12.5 கோடி. திரையரங்கின் பங்கைக் கழித்தால் நஷ்டம், அடுத்த பாகமும் வரவில்லை. அடுத்த பாகம் வராததால் அடுத்த உரிமைத் தொகையும் இல்லை என்ற அளவில் புறக்கணிப்பு பலித்தது என்று வாதாடலாம். அடுத்த வாரமே ‘தோர்’ சூப்பர்ஹீரோ படம் திரைக்கு வந்ததையும் சேர்த்துப் பார்த்தால், எந்தக் கை எவ்வளவு அடித்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

புறக்கணிப்பு நேராகப் பலித்த இடம் வேறு. 2013 தொடக்கத்தில் டிசி காமிக்ஸ் சூப்பர்மேன் கதை ஒன்றை எழுத கார்டை அமர்த்தியது. மனுக்கள் குவிந்தன, சில கடைகள் அந்த இதழை விற்க மாட்டோம் என்றன, மார்ச்சில் ஓவியர் கிறிஸ் ஸ்ப்ரவுஸ் விலகிக்கொண்டார், கதை கிடப்பில் போனது. படம் வரும்போது சம்பளம் எல்லாம் கொடுத்து முடிந்திருக்கும். காமிக்ஸில் வேலை நடக்கும்போதே தடுத்தார்கள். தடுப்பதானால் ஒப்பந்த நேரத்தில் தடுக்க வேண்டும்.

இப்போது புதுப் பிரதி. ‘படைப்பு வேறு’ என்று சொல்பவர்கள் கலையின் அர்த்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பில் போடும் இடத்தில் அந்த வாதம் எடுபடாது. அமெரிக்கச் சட்டப்படி படைப்பாளி இறந்து 70 ஆண்டு கழிந்து காப்புரிமை போய்விட்டால் அர்த்தம் மட்டுமே மிஞ்சும், வாதமும் செல்லும். 1951இல் பிறந்த கார்டு உயிரோடு இருக்கிறார், எழுதிக்கொண்டும் இருக்கிறார். அமெரிக்கப் பதிப்புத் துறையின் வழக்கமான விகிதங்களை வைத்துப் போட்டால் இப்படி வரும். விற்பனையில் உச்சத்தில் இருப்பவரின் ஒப்பந்தம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். 9 டாலர் சின்ன பேப்பர்பேக்கில் எழுத்தாளரின் பங்கான ராயல்டி 8 சதவீதம் என்றால் 72 சென்ட், அதில் ஏஜெண்டின் 15 சதவீதம் போக 61 சென்ட். அதே 9 டாலருக்கு மின்னூல் வாங்கினால், பதிப்பகத்துக்கு வரும் 70 சதவீதத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1 டாலர் 57 சென்ட். ஏஜெண்ட் போக 1 டாலர் 34. காகிதமும் லாரியும் வேண்டாத மின்னூல் பேப்பர்பேக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் அவருக்குக் கொடுக்கிறது. 25 டாலர் கெட்டி அட்டைப் பதிப்பில் 15 சதவீதம் என்றால் ஏஜெண்ட் போக 3 டாலர் 19. டிக்கெட்டைப் புறக்கணித்துவிட்டு, ‘சும்மா படித்துப் பார்ப்போம்’ என்று கிண்டிலில் ஒரு பொத்தானை அழுத்தியவர் கார்டுக்கு நேராகக் காசு அனுப்பியிருக்கிறார். படம் வந்த ஆண்டில் நாவல் மறுபடி விற்பனைப் பட்டியல்களின் மேலே ஏறியதையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

61 சென்ட் ஒரு தொகையா என்று கேட்கலாம். தனி ஆளுக்கு இல்லைதான். அந்தத் தொகையில் எந்தப் பகுதியாவது பிரசாரத்துக்குப் போகிறது என்று காட்டவும் என்னிடம் ஆதாரம் இல்லை. 2013 ஜூலையில், தன்பாலினத் திருமணம் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்தப் பிரச்சினையே முடிந்துபோனது என்று அவரே சொன்னார். இந்த இடத்தில் என் வாதம் பலவீனம்தான். ஆனால் காசு கொடுக்காமலே முழு நாவலும் கையில் கிடைக்கும்போது, கொடுக்க ஒரு காரணம் வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை.

வாங்கிவிட்டு நன்கொடை கொடுக்கும் வழி மனத்துக்கு இதம். கணக்கில் ஓட்டை இல்லை. 61 சென்ட்டுக்கு எதிராக 9 டாலர் கொடுத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிக்கல், பலர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாம் பாதியை மறந்துவிடுவது. நன்கொடையை முதலில் அனுப்பி, பிறகு புத்தகம் வாங்குவதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை.

பழைய பிரதியில் ராயல்டி பூஜ்யம். ஒரு பிரதி முறைப்படி விற்றுவிட்டால் அதன் மறுவிற்பனை எழுத்தாளரின் பிடியில் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இலேயே தீர்த்துவிட்டது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவும், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளை விட்டுவிடுகிறது. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. இணையச் சந்தையில் ‘புதியது’ என்று போட்டிருக்கும் மலிவுப் பிரதியை எடுத்தால் ராயல்டி போயிருக்கலாம். ‘பயன்படுத்தியது’ என்று இருப்பதை எடுங்கள். பக்கங்களின் அடிவிளிம்பில் மார்க்கரால் கறுப்புக் கோடு இழுத்திருந்தால், அது விற்காமல் கழித்துக் கட்டிய சரக்கு. அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிடும் அப்படிப்பட்ட பிரதிகளுக்குப் பொதுவாக ராயல்டி கிடையாது, இருந்தாலும் சொற்பம். நாவலைக் கார்டு 1991இல் திருத்தி முன்னுரையோடு வெளியிட்டார். பிறகு வந்த அச்சுகள் அந்தத் திருத்தத்தையே பின்பற்றுகின்றன, படிக்க அதுவே போதும். முதல் பதிப்பைத் தேடிப் போகாதீர்கள், அது சேகரிப்பாளர் விலை. பிரிட்டிஷ் பதிப்பான ஆர்பிட் கிடைத்தாலும் பரவாயில்லை, நாவல் ஒன்றே.

இதற்கும் ஓர் எதிர்வாதம் இருக்கிறது: பழைய பிரதிக்குக் கிராக்கி இருப்பதால்தான் முதலில் வாங்குபவர் துணிந்து புதிதாக வாங்குகிறார், படித்துவிட்டு நீங்கள் நல்லபடியாகச் சொன்னால் இன்னொருவர் புதிது வாங்குகிறார். உண்மை. எவ்வளவு என்று அளக்க முடியாத உண்மை என்பதால் ஓரமாக வைத்திருக்கிறேன்.

நூலகமும் கிட்டத்தட்ட இதேதான். அமெரிக்காவில் இரவலுக்கு எழுத்தாளருக்குத் தொகை கிடையாது. பிரிட்டனில் இரவலுக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கும் திட்டம் உண்டு; ஆனால் அமெரிக்காவில் வசிக்கும் எழுத்தாளர் அதற்குத் தகுதி பெறமாட்டார். எச்சரிக்கை மின்னூலுக்குத்தான். நூலகம் மின்னூலைச் சொந்தமாக வாங்குவதில்லை, காலக்கெடுவோடு உரிமம் எடுக்கிறது. இந்த நாவலை வெளியிடும் டோர் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான மேக்மில்லன் இரண்டு ஆண்டு உரிமம் விற்று வந்தது. கெடு முடிந்தால் நூலகம் மறுபடி காசு கட்ட வேண்டும். இரவல் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் புதுப்பிப்பதா விடுவதா என்று நூலகர் முடிவு செய்வார். ஆகவே மின் இரவல் எடுக்கும் ஒவ்வொருவரும் அடுத்த உரிமத்துக்கு ஓட்டுப் போடுகிறார். அலமாரியிலிருக்கும் காகிதப் பிரதி ஒருமுறை வாங்கியது, தாள் கிழியும் வரை ஓடும். ஆடியோ நூலை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மாதச் சந்தாவில் எழுத்தாளருக்கு எவ்வளவு பிரிகிறது என்பது சந்தாவுக்குச் சந்தா மாறும்.

தனி வாசகர்களுக்கு இவ்வளவு. வகுப்புக்கு முப்பது பிரதி வாங்கும் ஆசிரியருக்கும், பரிந்துரைப் பட்டியல் போடும் நிறுவனத்துக்கும் கணக்கு வேறு. அமெரிக்க மரைன் படையின் வாசிப்புப் பட்டியலிலேயே இந்த நாவல் இடம்பெற்றிருந்தது. ஒரு பட்டியலில் ஏறினால் அங்கே நிற்கும் ஆண்டெல்லாம் ராயல்டி சொட்டும். தனி ஆளின் 61 சென்ட்டைப் பற்றி விடிய விடியப் பேசுபவர்கள் இந்த மொத்தக் கொள்முதலைக் கண்டுகொள்வதே இல்லை. பள்ளியில் வைக்க விரும்பும் ஆசிரியர், ஏற்கெனவே ஒரு பள்ளி கழித்த பழைய தொகுப்பு கிடைக்கிறதா என்று முதலில் விசாரிக்கலாம். அப்படிப்பட்டவை முத்திரையும் பெயர் எழுதிய முதல் பக்கமுமாக, புதியதன் விலையில் சிறு பங்குக்கே போகும்.