எம்பெடட் பணிக்கு லினக்ஸ் கணினி: விர்ச்சுவல்பாக்ஸா, டபிள்யூ.எஸ்.எல்.லா, நேரடி உபுண்டுவா?

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றின் உலர்களத்தில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதியும் கருவியை எஸ்.டி.எம்.32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் செய்து தருவதற்காக, சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் வீட்டு லேப்டாப்பை லினக்ஸுக்குத் தயார்ப்படுத்தினேன். விண்டோஸுக்குள் ஒரு மெய்நிகர்க் கணினியாக லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸிலேயே லினக்ஸை இயக்கும் வசதியான டபிள்யூ.எஸ்.எல்., நேரடி நிறுவல் ஆகிய மூன்று வழிகளையும் முயன்ற பின், தனிப் பார்ட்டிஷனில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸை நிறுவிக்கொண்டேன்.

கம்பைலரையும் கிட் (git) மென்பொருளையும் நிறுவுவதில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. டபிள்யூ.எஸ்.எல். 2-இல் சோர்ஸ் கோப்புகளை விண்டோஸ் டிரைவில் வைத்தால் பில்ட் மந்தமாகும்; லினக்ஸ் பக்கத்தில் வைத்தால் குறையில்லை.

முடிவைத் தீர்மானித்தது யூ.எஸ்.பி. இணைப்புதான். புரோகிராமை ஏற்றும்போது போர்டு தன் சீரியல் போர்ட் அடையாளத்தை விட்டு, டி.எஃப்.யூ. பூட்லோடராக (யூ.எஸ்.பி. வழியே புதிய புரோகிராமை ஏற்றிக்கொள்ளும் நிலை) வேறொரு புராடக்ட் எண்ணுடன் மறுபடி தோன்றுகிறது. கணினியின் கணக்கில் ஒரு சாதனத்தைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகியது போலத்தான் அது. விர்ச்சுவல்பாக்ஸில் முதல் எண்ணுக்கு மட்டும் ஃபில்டர் (சாதனத்தை லினக்ஸ் பக்கம் அனுப்பும் விதி) போட்டிருந்ததால், புதிய சாதனம் விண்டோஸிடமே நின்றுவிட்டது. இரண்டாவது எண்ணுக்கும் ஃபில்டர் சேர்த்த பிறகு வேலை நடந்தது என்றாலும், கைமாறும் அந்த இடைவெளியில் ஏற்றம் சில முறை பாதியில் நின்றது. டபிள்யூ.எஸ்.எல். 2-இலோ யூ.எஸ்.பி. சாதனத்தை யூ.எஸ்.பி.ஐ.பி.டி. என்ற தனி மென்பொருள் வழியாகத்தான் இணைக்க முடியும். ரீசெட் ஆகும் ஒவ்வொரு முறையும் அந்த இணைப்பு போய்விடும். தானாக மீண்டும் இணைக்கும் வசதி அதில் உண்டு. நான்கைந்து நாள்களே பழகியதால் அதன் நம்பகத்தன்மையை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

நேரடி உபுண்டுவில் அந்த இடைத்தரகு இல்லை. ஒரு நாளில் முப்பது முறை ஏற்றினாலும் கை கீபோர்டை விட்டு எழுவதில்லை. தொடக்கத்தில் பயனர் கணக்கை, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து மீண்டும் நுழைய வேண்டும். டி.எஃப்.யூ. சாதனத்துக்கு ஒரு யூடெவ் விதியும் (செருகும் சாதனத்தை லினக்ஸ் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் விதி) எழுதிவிட வேண்டும்.

ஆனால் ஒரு மாலை முழுவதும் என்னை அலைக்கழித்தது வேறொன்று. சி.எச்.340 சிப் கொண்ட மலிவான சீரியல் கேபிளைச் செருகினால், போர்ட் தோன்றிய மறுநொடியே மறைந்தது. கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே கெர்னல் பதிவைத் திறந்தேன்; பிரெய்ல் கருவிகளுக்கான பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற சேவை அந்தச் சிப்பைத் தன் கருவி என்று எடுத்துக்கொண்டிருந்தது. பிரெய்ல் கருவி பயன்படுத்துவோர் இல்லாத கணினியானால் அந்தப் பேக்கேஜையே நீக்கிவிடலாம். இருந்தால், அந்தச் சிப்புக்குரிய யூடெவ் விதியை மட்டும் முடக்கினால் போதும்.

பார்ட்டிஷன் பிரிக்க அனுமதியில்லாத அலுவலக லேப்டாப்பானால் விர்ச்சுவல்பாக்ஸையே வைத்துக்கொண்டு, டி.எஃப்.யூ.வுக்குப் பதிலாக எஸ்.டி.-லிங்க் என்ற தனிப் புரோகிராமர் கருவி வழியாக ஏற்றலாம். போர்டு எத்தனை முறை ரீசெட் ஆனாலும் அந்தக் கருவியின் யூ.எஸ்.பி. அடையாளம் மாறுவதில்லை.